இரண்டாம் மேசை

ஜூலை 23, செவ்வாய்

நடந்த தவறை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கன்னிப் பெட்டியை, என் மனைவி பிச்சம்மாளிடம் கேட்காமல், அவள் எலுமிச்சை மண்டிக்குத் தரம் பிரிக்கப் போயிருந்த நேரத்தில், மச்சிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரார் பார்க்கத் திறந்து வைத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாள். இப்போது பெட்டியைக் காணோம். செய்தது நான்தான். ஆவுடையப்பன், வயது எழுபத்து மூன்று, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன்.

கேட்காமல் எடுத்தது தவறு. எடுத்த காரணம் தவறில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணைக் கன்னி என்று வீட்டில் வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஓலைப் பெட்டி ஒன்றில் பாவாடை, சட்டை, வளையல், ரிப்பன் வைத்து உயரமான இடத்தில் வைப்பார்கள். ஆடிக் கடைசி வெள்ளியன்று இறக்கி, போன வருஷத்துப் பாவாடையை வீட்டுப் பெண்பிள்ளை ஒன்றுக்கு உடுத்திவிட்டுப் புதுசு வைப்பார்கள். எங்கள் மூத்த மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. பெட்டியை வைத்தவள் பிச்சம்மாள். எனக்கு அதில் சம்பந்தம் இல்லை.

நான் பத்தாவது தேறாதவன். படித்ததெல்லாம் கிளை நூலகத்தில். நாற்பது வருஷம் படித்து, யோசித்து, மனிதனின் மனம் ஐந்து படிகளாக ஏறி வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தேன். பசிப்படி, அச்சப்படி, கதைப்படி, கேள்விப்படி, தெளிவுப்படி. ஒவ்வொரு சமூகமும் இப்படித்தான் ஏறியது. ஒவ்வொரு மனிதனும் இப்படித்தான் ஏற வேண்டும். எங்கள் வாசகர் வட்டத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு இதைக் கண்காட்சியாக வைத்தோம். ஐந்து மேசைகள். முதல் மேசையில் திருகை, உலக்கை, கூர்மையான கல். மூன்றாவதில் தெருக்கூத்துக் கிரீடம். நான்காவதில் பூதக்கண்ணாடியும் மின்சார மீட்டரும். ஐந்தாவது மேசையில் ஒரு வெற்றுத் தாள். அதைப் பார்த்து ஒரு தலைமையாசிரியர், "இதை யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். அவருக்குத்தான் பொன்னாடை போர்த்தினார்கள். அழைப்பிதழில் என் பெயர் கடைசி வரி. அது வேறு விஷயம்.

இரண்டாம் மேசைதான் பெட்டி. பாவாடையை விரித்து வைத்தேன். பக்கத்தில் வளையல், ரிப்பன், சீப்பு, குங்குமச் சிமிழ். உள்ளே இருந்தது இவ்வளவுதான். அட்டையில் என் கையெழுத்தில் எழுதினேன்: "கன்னிப் பெட்டி. அச்சப்படியின் எச்சம். இறந்தவர் திரும்பி வந்து துன்புறுத்தாதிருக்கப் பொருள் கொடுத்துச் சாந்தப்படுத்தும் முயற்சி."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டத்தோடு கூட்டமாகப் பிச்சம்மாளும் வந்தாள். மண்டியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேசைக்கு முன்னால் நின்று அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். போய்விட்டாள்.

ஜூலை 24, புதன்

பேசவில்லை. சோறு வைத்தாள். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. கோபத்திலும் உப்பைச் சரியாகப் போடுகிறவள்.

ஜூலை 26, வெள்ளி

இன்றைக்குப் பேசினாள். குளித்து, திருநீறு பூசி, மச்சில் பெட்டி இருந்த இடத்தைத் துடைத்துவிட்டு இறங்கி வந்து பேசினாள்.

"கடைசி வெள்ளிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள பெட்டி வீட்டுக்கு வரணும்."

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"வரலைன்னா நான் கோமதி வீட்டுக்குப் போயிருவேன். போனா வர மாட்டேன்."

கோமதி எங்கள் இளைய மகள். தென்காசியில் இருக்கிறாள்.

"ஒரு ஓலைப் பெட்டிக்காகவா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "பயம்னு எழுதியிருந்தீங்களே. எம் பிள்ளைகிட்ட எனக்கென்ன பயம்?"

இதற்குப் பதில் இருக்கிறது. அச்சம் என்பது பல வேஷத்தில் வரும், அச்சப்படியில் இருப்பவருக்கே தான் அஞ்சுவது தெரியாது. பதிலைச் சொல்ல வாயெடுத்தபோது அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். யாரும் என்னை முழுதாகப் பேச விட்டதில்லை.

ஜூலை 28, ஞாயிறு

வட்டத்தின் செயலாளர் சேர்மக்கனி வந்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், நாற்பது வயதுக்குள். நல்லவர். என் நோட்டில் அவருக்கு நாலாம் படி போட்டிருக்கிறேன். வட்டத்துக்கு வந்துபோன நூற்றுப் பதினான்கு பேருக்கும் படி போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு நாலரை.

"அண்ணாச்சி, சாமானெல்லாம் லோடு ஆட்டோல ஏத்தும்போது நான்தான் சரிபார்த்தேன். கிரீடம் இருந்துச்சு, உலக்கை இருந்துச்சு. பெட்டியை நீங்களே எடுத்துட்டுப் போயிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நான் எதுக்கு எடுக்கப் போறேன்?"

"உங்க வீட்டுது இல்லையா அண்ணாச்சி? மதினி வந்து நின்னதைப் பார்த்தேன். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. ஏன் முன்னாலயே சொல்லல?"

மழை வருமா என்று பேச்சை மாற்றினேன். புளியங்குடியில் இந்த மாதத்தில் சாரல் அடிக்கும், மழை வராது. அது அவருக்கும் தெரியும். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "காவலாளிகிட்ட விசாரிக்கேன்" என்றார்.

ஜூலை 30, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போய்விட்டது. கருவிப் பையில் ஸ்க்ரூ டிரைவர் தேடியபோது அந்தப் பென்சில் கட்டு கையில் பட்டது. பையை மூடிவிட்டேன். கத்தி முனையாலேயே திருகாணியைக் கழற்றினேன். விரலில் சின்ன வெட்டு. மோட்டார் ஓடுகிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கோமதி வந்தாள், மகள் தர்ஷினியோடு. தர்ஷினிக்கு எட்டு முடிந்து ஒன்பது. இந்த வருஷம் பெட்டியிலிருந்து எடுக்கும் பாவாடையை உடுத்த வேண்டியவள் அவள்தான்.

கோமதி பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தாள்.

"அக்காவைக் கொண்டுபோய் மேசையில வச்சுக் காட்டிட்டீங்களேப்பா."

"அக்கா இல்லம்மா, ஒரு பழக்கம். ஒரு காலகட்டத்து மனம் எப்படி..."

"போதும்ப்பா. சின்ன வயசுல எனக்கும் படி போட்டீங்க. காய்ச்சலுக்கு அம்மா வேப்பிலை கட்டினதுக்கு நான் சிரிக்கலன்னு ரெண்டாம் படி. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது. பிறகு திருத்தி மூன்று போட்டேன். அதை இப்போது சொல்லவில்லை.

சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது தர்ஷினி அறையிலிருந்து ஓடி வந்தாள். கையில் அந்தக் கட்டு. ரப்பர் பேண்ட் போட்ட பென்சில்கள்.

"தாத்தா, எவ்ளோ பென்சில்! ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம்! எனக்கு ஒண்ணு குடுங்க தாத்தா."

"தொடாதே. வை அங்கே."

கத்தித்தான் விட்டேன். பிள்ளை பயந்துபோய்க் கட்டைக் கீழே போட்டுவிட்டாள். பென்சில்கள் சிதறின. பிச்சம்மாள் வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. எண்ணிக் கட்டி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கோமதி சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். தர்ஷினி "வாரேன் தாத்தா" என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

நேற்றுச் சொன்ன வார்த்தைகளை நான் முதல் தடவையாகச் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சிவப்பு நீல பென்சில் ஒன்று வைத்திருந்தேன். புத்தகங்களில் ஒத்துக்கொள்கிற வரிக்கு நீலம், மறுக்கிற வரிக்குச் சிவப்பு. மூத்தவள் அதைக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கிளி வரைய வேண்டும் என்றாள். கிளியில் நீலம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "என் கிளிக்கு இருக்கு" என்றாள். தொடாதே, வை அங்கே என்றேன். வைத்துவிட்டாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அடுத்த வாரம் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு உடனேதான் கொண்டுபோனோம். அதில் தவறொன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் முடிந்துவிட்டது.

இதை எழுத வேண்டியிருக்கவில்லை. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பெட்டி கிடைத்துவிட்டது. கைக்கு வரவில்லை.

காவலாளி சேர்மக்கனியிடம் சொல்லியிருக்கிறார், பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் மாடத்திதான் எடுத்துப் போனாள் என்று. சைக்கிளில் போனேன். சிந்தாமணிக்குப் போகிற வழியில் ஓட்டு வீடு. ஐம்பது வயதிருக்கும் அவளுக்கு. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கய்யா. படி சொல்லுத அய்யாதானே?"

ஊரில் எனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது இன்றைக்குத்தான் தெரியும்.

"மேசையில இருந்த பெட்டி உன்கிட்ட இருக்குன்னாங்க."

"பெட்டின்னு சொல்லாதீய. பிள்ளைய விரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டீய. பாவாடை ஒரு பக்கம், ரிப்பன் ஒரு பக்கம். மேல ஃபேன் ஓடுது, துணி பறக்குது. ஒரு வாலிபன் ரிப்பனைத் தலையில வச்சு போட்டோ வேற எடுத்தான். நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னீய. குப்பையோட சேத்துக் கூட்டச் சொல்லுதீயளா என்னைய?"

"சரிம்மா. நீ எடுத்து வச்சது நல்லதாப் போச்சு. குடு, கொண்டு போறேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். "யாரு வீட்டுப் பிள்ளை?"

சைக்கிள் ஸ்டாண்டைச் சரிசெய்தேன்.

"கேட்டவங்ககிட்ட எல்லாம், மலையடிவாரத்துல ஒரு ஊர்ல வெலைக்கு வாங்குனதுன்னு சொன்னீய. நான் கதவுகிட்டதான் நின்னேன், என் காதால கேட்டேன். வெலைக்கு வாங்குனவருக்கு நான் ஏன் குடுக்கணும்? வெளிய வந்த கன்னி, பெத்தவங்க வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடாம வீடு திரும்பாதுய்யா. பெத்தவங்க யாரோ, வரட்டும். பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். கையெடுத்துக் கும்பிட்டுக் குடுத்துருதேன்."

கதவு வழியாக உள்ளே தெரிந்தது. பிள்ளைகளின் பாடப் புத்தகம் இருந்த அலமாரியின் மேல் தட்டைக் காலி செய்து பெட்டியை வைத்திருக்கிறாள். மூடியை மூடி, மேலே ஒரு முழம் பிச்சிப்பூ. கீழே சின்ன விளக்கு.

"உனக்கு இது யாருன்னே தெரியாது. எதுக்கு விளக்கு?"

"தெரியாத வீட்டுப் பிள்ளைன்னா இருட்டுலயா உக்கார வைப்பாவ?"

சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். 115. மாடத்தி. படி என்ற இடத்தில் 2 போட்டேன். அடித்தேன். 4 போட்டேன். அதையும் அடித்தேன். இடம் காலியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விலைக்கு வாங்கியது என்று நான் சொன்னேன் என்பது உண்மை. எட்டுப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அந்த வாலிபன் ரிப்பனை வைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கடிதம் ஒன்று தயார் செய்தேன். "மேற்படி பெட்டி எனது இல்லத்தைச் சார்ந்தது என இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்." கையெழுத்துப் போட்டுச் சேர்மக்கனியிடம் கொடுத்து மாடத்தியிடம் காட்டச் சொன்னேன். சாயங்காலம் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னா?"

"எனக்கு வாசிக்கத் தெரியும் சார்னு வாங்கி வாசிச்சா, அண்ணாச்சி. பிள்ளை பேரு இதுல இல்லையேன்னு திருப்பிக் குடுத்துட்டா."

"நீயே சொல்லி வாங்கிட்டு வந்திருக்கலாமே."

"எனக்கும் பேரு தெரியாதே அண்ணாச்சி. இருபது வருஷமாப் பழகுறோம், மூத்த மகள் ஒண்ணு இருந்துச்சுன்னே மூணு வாரமாத்தான் தெரியும்." கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்கதான் சொல்லுங்களேன்" என்றார்.

தொண்டையில் சளி. இருமினேன். அவர் தண்ணீர் எடுத்து வந்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பிச்சம்மாள் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துச் சேலைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். சத்தமில்லாமல் செய்கிறாள். மாடத்தி வீட்டில் பெட்டி இருப்பது அவளுக்குத் தெரியும். சேர்மக்கனி சொல்லியிருக்கிறார்.

"நீ போய்ப் பேரைச் சொல்லி வாங்கிட்டு வந்துரு. நீயும் பெத்தவதானே" என்றேன்.

"நான் முப்பத்திரண்டு வருஷமாக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வெளிய கொண்டுபோனவங்க கூப்பிடட்டும்."

"எனக்கு நம்பிக்கை இல்லை. இல்லாததை இருக்கிற மாதிரி நடிக்கச் சொல்றியா?"

எழுந்துபோய் மேசையிலிருந்த பென்சில் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"அப்ப பெட்டிக்குள்ள இதை யாரு வச்சா? வருஷா வருஷம் எலியா கொண்டாந்து வைக்கும்?"

ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத வருஷமே தெரியும். ரெண்டு பக்கமும் பிளேடால சீவியிருந்துச்சு. முனை நீட்டமா. இந்த வீட்டுல அப்படிச் சீவுறது யாரு?"

"ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவீங்க."

சேலையை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்: "எம் பாவாடையை எடுத்து ஊருக்குக் காட்டுனீங்க. உங்க பென்சிலை மட்டும் ஒளிச்சு வச்சுட்டீங்க. அதான் எனக்கு ஆறல."

ஆகஸ்ட் 12, திங்கள்

முதல் நாள் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். "கேட்காமல் எடுத்தது தவறு." அது சின்னத் தவறு. பெரியதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை பெட்டியைத் திறந்து முப்பத்தொரு பென்சிலையும் நான்தான் வெளியே எடுத்தேன். ஒவ்வோர் ஆடியும் கடைசி வெள்ளிக்கு மறுநாள், பிச்சம்மாள் மண்டிக்குப் போனதும், ஏணி போட்டு ஏறி ஒரு பென்சில் வைத்து இறங்கியிருக்கிறேன். கையெடுத்துக் கும்பிட்டதில்லை. ஆனால் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. நெல்லைக்கு மாற்றலாகிப் போன வருஷம், லீவு போட்டுவிட்டு வந்து வைத்தேன். எந்தப் படியில் நின்றுகொண்டு வைத்தேன் என்று என் நோட்டில் எங்கும் எழுதவில்லை. இரண்டாம் மேசையில் அவளை மட்டும் நிறுத்திவிட்டு ஐந்தாம் மேசைக்குப் பக்கத்தில் நான் கைகட்டி நின்றேன்.

கோட்பாடு தவறு என்று நான் சொல்லப்போவதில்லை. மனிதன் படிப்படியாகத்தான் வந்திருக்கிறான். அதற்கு யாருடனும் வாதிடத் தயார். ஆனால் கம்பத்தில் ஏறிப் பிழைத்தவன் நான். உச்சியில் வேலை செய்யும்போது கீழே மண்ணுக்குள் ஐந்தடி புதைத்திருக்கிற கம்பம்தான் என்னைத் தாங்கியது. இருபத்தேழு வருஷம் ஏறியவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் படிக்கு அச்சம் என்று பெயர் வைத்தேன். பிச்சம்மாளுக்குப் பயம் இல்லை. மாடத்திக்குப் பயம் இல்லை. இந்த விஷயத்தில் முப்பத்திரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தவன் ஒருவன்தான். தன் பிள்ளை பெயரை வாயால் சொல்லப் பயந்தவன்.

ஆகஸ்ட் 14, புதன்

கடையில் சிவப்பு நீல பென்சில் கேட்டேன். இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை என்றார்கள். மூன்றாவது கடையில் கிடைத்தது. இரண்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் கோமதிக்குப் போன் செய்தேன். நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். "எதுக்கு? அம்மாவை அழைச்சிட்டுப் போகவா?" என்றாள். "பாவாடை உடுத்த" என்றேன். "ஏழு மணி பஸ்ஸுக்கு வாரோம்ப்பா" என்றாள்.

பிச்சம்மாளிடம் சொன்னேன்: "நாளைக்குக் காலையில மாடத்தி வீட்டுக்குப் போறேன்."

பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பேரு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லுங்க பாப்போம்."

வாய் திறந்தது. குரல் வரவில்லை. அவள் கத்தியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாளைக்குள்ள வந்துரும்" என்றாள். எழுந்துபோய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சேலையை மட்டும் எடுத்துக் கொடியில் போட்டாள். மற்றது எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

வாய் பழக வேண்டும் என்பதால் நாளைக்கு ஆக வேண்டியதை எழுதிக்கொள்கிறேன்.

மச்சைக் கழுவிக் கோலம் போட வேண்டியது பிச்சம்மாள். ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நான்.

சேர்மக்கனி செய்ய வேண்டியது: இரண்டாம் மேசையின் அட்டையைக் கிழிக்கக் கூடாது. அதன் பின்பக்கத்தில், "இது ஆவுடையப்பன் வீட்டுப் பெட்டி. விலைக்கு வாங்கியது என்று அவர் சொன்னது பொய். இதிலிருந்த முப்பத்தொரு பென்சில்களை அவர் மறைத்தார்" என்று எழுதி, வட்டத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் இருபக்கமும் தெரியும்படி தொங்கவிட வேண்டும். மறுத்தால் நானே எழுதுவேன். என் நோட்டில் இருக்கிற நாலரையை அடிக்க வேண்டியவன் நான். வேறு எண் போட வேண்டாம்.

மாடத்தி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அவளும் அவள் பிள்ளைகளும் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும். அழைக்க வேண்டியது பிச்சம்மாளும் நானும் சேர்ந்து.

பாவாடையை உடுத்திவிட வேண்டியது கோமதி. தர்ஷினியிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது நான். இரண்டு பென்சிலில் ஒன்று அவளுக்கு. சீவிக் கொடுக்க வேண்டும்.

மற்றொன்றும் பழைய முப்பத்தொன்றும் பெட்டிக்குள். வைக்க வேண்டியது நான். பிச்சம்மாள் மண்டிக்குப் போன பிறகு இல்லை, எல்லோரும் பார்க்க.

அதற்கெல்லாம் முன்னால், காலை எட்டு மணிக்கு, செருப்பில்லாமல் மாடத்தி வாசலில் நின்று, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும்படி கூப்பிட வேண்டியது, நான் மட்டும்: செண்பகம், வீட்டுக்கு வா. அப்பா வந்திருக்கேன்.